மீன் மாட்டும் நேரத்தில் கேமரா யார் கையில்?

வாசகர் கடிதம், சுருக்கமாக

இரண்டு நண்பர்களோடு மாதத்துக்கு இரண்டு முறை தூண்டில் போடப் போகிறவர் எழுதியிருக்கிறார். சில நாள் சிறு படகில் கடலுக்கு, சில நாள் பாறைமேல் நின்றபடி, சில நாள் ஆற்றங்கரை. இதுவரை போனில்தான் படம் எடுத்துவந்திருக்கிறார். “பெட்டியிலேயே ஐபி68 என்று போட்டிருந்தது. பிடித்த மீனைப் படம் எடுக்கும்போது போன் கடலில் நழுவியது. ஒரு நிமிஷத்துக்குள் எடுத்துவிட்டேன். துடைத்து, அரிசிக்குள் போட்டுவைத்து, மறுநாள் சார்ஜ் போட்டேன். இரண்டாம் நாள் செத்துவிட்டது. தண்ணீர் புகுந்தால் வாரண்டி கிடையாதாம்” என்கிறார். எடுத்த வீடியோக்களில் பாதி வெறும் காற்றிரைச்சல். மீன் துள்ளிய கணம் ஒன்றில்கூட இல்லை. இப்போது கையில் சேர்ந்திருக்கும் பணம், லென்ஸோடு ஒரு நடுத்தர மிரர்லெஸ் கேமராவுக்கு (லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய வகை) சரியாக இருக்கும். “வெதர் சீல்டு மிரர்லெஸ்தான் வாங்கு, மெகாபிக்சல் கூடுதலாக இருக்கட்டும், எல்லாவற்றையும் 4கே-யில் விநாடிக்கு 120 ஃப்ரேமில் எடு” என்று ஒரு நண்பர் சொல்கிறார். ஒரே கேமராவில் போட்டோ, வீடியோ இரண்டையும் முடிக்கலாமா, இரண்டு வாங்க வேண்டுமா என்பது கேள்வி.

பதில்

உங்கள் கடிதத்தில் கேமராவைப் பற்றி நிறைய இருக்கிறது. ஒன்று மட்டும் இல்லை. தூண்டில் நூலான லைன் விறைத்து, கம்பான ராட் வளைந்து, நூல் சுற்றும் ரீல் அலறும் அந்த நேரத்தில் கேமரா யார் கையில் இருக்கும்? மூன்று பேரில் ஒருவர் ராடைப் பிடித்திருப்பார். இன்னொருவர் கைவலையோடு குனிந்திருப்பார். மூன்றாமவர் படகைப் பார்த்துக்கொள்வார், அல்லது சிக்கிவிடாமல் தன் லைனைச் சுற்றி எடுத்துக்கொண்டிருப்பார். நான்காவது ஆள் இல்லை. மீன் துள்ளிய கணம் உங்களிடம் இல்லாததற்கு போனின் தரம் காரணம் அல்ல. போன் பைக்குள் இருந்ததுதான் காரணம். மிரர்லெஸ் வாங்கினால் அதுவும் பைக்குள்தான் இருக்கும்.

ஆகவே முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பணத்தில் ஓர் ஆக்‌ஷன் கேமராவும், தண்ணீர் புகாத காம்பாக்ட் கேமரா ஒன்றும் வாங்குங்கள். படகிலோ உடம்பிலோ மாட்டி, கை வைக்காமலே ஓடிக்கொண்டிருக்க ஒன்று, மீன் கைக்கு வந்தபின் எடுக்க ஒன்று. மிரர்லெஸ் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அது எப்போது சரி என்பதையும் கீழே சொல்கிறேன்.

ஐபி68 சொல்வதும் சொல்லாததும்

அந்த இரண்டு எண்ணில் முதலாவது தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். 8 என்றால் அதைவிடக் கடுமையான சோதனை. எத்தனை மீட்டர், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளரே குறிப்பிட வேண்டும். சோதனை நடப்பது அசையாத நல்ல தண்ணீரில், புத்தம் புதிய சாதனத்தில். கடல்நீர் அந்தக் கணக்கில் வராது. நாலு தடவை கீழே விழுந்து, ஓரம் லேசாக நெளிந்த போனில் அந்தப் பசைத் தடுப்பு அப்படியே இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

உங்கள் போனைக் கொன்றது தண்ணீரைவிட உப்பும் மின்சாரமும்தான் என்று நினைக்கிறேன். தண்ணீர் காய்ந்தாலும் உப்பு உள்ளேயே தங்கும்; ஈரப்பதத்தை இழுத்துக்கொண்டு மின்சாரத்தைக் கடத்தும். அந்த நிலையில் சார்ஜ் போட்டால் உலோக முனைகள் மளமளவென்று அரிக்கும். அரிசி உப்பை எடுக்காது. அதன் மாவுத்தூள்தான் சார்ஜ் துளைக்குள் போய் ஒட்டும். இனி எந்தச் சாதனம் கடலில் விழுந்தாலும் உடனே அணையுங்கள். வெளிப்புறத்தை நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, நிழலில் காயவிட்டு, சார்ஜ் போடாமல் சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள்.

வாரண்டி விஷயத்தில் உங்கள் நிலை பலவீனமானது. பெரும்பாலான நிறுவனங்கள் திரவச் சேதத்தை வாரண்டியில் சேர்ப்பதில்லை, ஐபி எண் இருந்தாலும். ஆனால் விளம்பரத்தில் கடலிலோ அலையிலோ பயன்படுத்துவதுபோலக் காட்டியிருந்தால், அந்தப் பக்கத்தைச் சேமித்து, மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நுகர்வோர் குறைதீர் அமைப்புக்குப் போவதானால் வாய்வார்த்தை உதவாது. அந்தக் கடிதம்தான் உதவும். புதிய கேமராவுக்கும் வாரண்டி அட்டையின் விலக்குகள் பகுதியை வாங்கும் முன்பே படித்துவிடுங்கள்.

இதே குழப்பம்தான் ‘வெதர் சீல்டு’ என்பதிலும். மிரர்லெஸ் கேமராக்களில் பலவற்றுக்கு அது வெறும் வர்ணனை, எண் கிடையாது. தூறல், தூசி வரை தாங்கும். படகின் மூக்கில் மோதித் தெறிக்கும் அலைக்கும், தண்ணீரில் விழுவதற்கும் அது பொருந்தாது. லென்ஸும் சீல்டாக இருந்து, அது கேமராவோடு சேரும் இடத்தில் ரப்பர் வளையம் இருந்தால்தான் அந்தப் பாதுகாப்பே முழுமை. கேமராவோடு சேர்த்துத் தரும் லென்ஸ்கள் பலவற்றில் அது இருக்காது.

மெகாபிக்சலும் 120 ஃப்ரேமும்

உங்கள் நண்பரின் மற்ற இரண்டு யோசனைகளையும் சீக்கிரம் முடித்துவிடலாம். ஏ4 தாளில் நெருக்கமான தரத்தில் அச்சிட ஏறக்குறைய 9 மெகாபிக்சல் போதும். 4கே வீடியோவின் ஒரு ஃப்ரேமே 8.3 மெகாபிக்சல்தான். கவனிக்க வேண்டியது, ஒளியைப் படமாக்கும் சென்சாரின் பரப்பு. சிறு கேமராக்களில் வரும் 1/2.3 அங்குல சென்சார் சுமார் 28 சதுர மில்லிமீட்டர். ‘1 அங்குலம்’ என்று சொல்லப்படுவது 116. மிரர்லெஸ்ஸில் பரவலாக உள்ள ஏபிஎஸ்-சி சுமார் 367. மீன் நன்றாகக் கடிப்பது விடியலிலும் அந்தியிலும். சிறிய சென்சார் தடுமாறுவதும் அதே நேரத்தில்தான். மிரர்லெஸ்ஸின் உண்மையான பலம் அங்கே இருக்கிறது. அதை மறுக்கவில்லை.

120 ஃப்ரேம் என்றால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கிடைக்கும் நேரம் அதிகபட்சம் 1/120 விநாடி. விடியலில் படம் புள்ளி புள்ளியாகிவிடும். கேமரா சூடாகும், பேட்டரி ஓடிப்போகும். வழக்கமாக 4கே 25 அல்லது 30 ஃப்ரேமில் வையுங்கள். நல்ல வெயிலில், துள்ளும் மீனை மெதுவாக ஓட்டிக் காட்ட நினைக்கும்போது மட்டும் 120-க்கு மாறுங்கள். விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவானால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும். 256 ஜிபி கார்டு ஐந்தரை மணி நேரத்துக்கு வரும். கார்டில் வி30 என்ற குறி இருக்க வேண்டும். விநாடிக்கு 30 மெகாபைட்டுக்குக் குறையாமல் தொடர்ந்து எழுதும் என்பது அதன் பொருள்.

ஆக்‌ஷன் கேமரா: எதைப் பார்த்து வாங்குவது

ஆழத்தைப் பார்த்து மயங்காதீர்கள். கோப்ரோ 2016-இல் வந்த ஹீரோ5 முதலே தனி உறை இல்லாமல் 10 மீட்டர் தாங்குகிறது. டிஜேஐயின் ஆஸ்மோ ஆக்‌ஷன் 4, 18 மீட்டர். நீங்கள் முக்குளிக்கப் போவதில்லை, இரண்டுமே தேவைக்கு மிச்சம். நீங்கள் தேட வேண்டிய முதல் வசதி முன்பதிவு. கேமரா கடைசிச் சில விநாடிகளைத் தன் நினைவில் சுழற்றிக்கொண்டே இருக்கும். பொத்தானை அழுத்தும்போது, அழுத்துவதற்கு முன் நடந்ததையும் சேர்த்து எழுதும். கோப்ரோவில் இதை ஹைண்ட்சைட் என்கிறார்கள், 15 அல்லது 30 விநாடி. மீன் துள்ளி விழுந்தபின் அழுத்தினாலும் துள்ளல் கிடைத்துவிடும். உங்கள் பிரச்சினைக்கு நேரான மருந்து இதுதான். விலை பேட்டரியில்: பதிவு செய்யாத நேரத்திலும் கேமரா விழித்தே இருக்கும். 4கே-யில் ஒரு பேட்டரி சுமார் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டு குறைந்தது மூன்று பேட்டரி எடுத்துப் போங்கள். பவர்பேங்க்கில் செருகி ஓட்டலாமே என்று தோன்றும். அதற்கு மூடியைத் திறந்துவைக்க வேண்டும். திறந்த மூடியோடு அது தண்ணீர் புகாத கேமரா இல்லை.

இரண்டாவது, அழுத்தினால் உணரும்படியான பொத்தான்கள். மீனின் வழுவழுப்பு ஒட்டிய விரலுக்குத் தொடுதிரை பதில் சொல்லாது. திரையில் விழும் துளிகளை விரல் என்று எண்ணி ஏதாவது மெனுவைத் திறந்துவிடும். பதிவு தொடங்கியதும் கேமரா அதிர்ந்தோ ஒலித்தோ சொல்கிறதா என்றும் பாருங்கள்.

மூன்றாவது, லென்ஸுக்கு முன்னுள்ள கண்ணாடி கழற்றி மாற்றக்கூடியதாக இருப்பது நல்லது. தூண்டில் ஈயக்குண்டு ஒன்று வந்து இடித்தால் சேதம் அந்தக் கண்ணாடியோடு போய்விடும்.

இதன் குறைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான ஆக்‌ஷன் கேமராக்களில் ஃபோகஸ் நிலையானது. தூண்டில் முள்ளை லென்ஸுக்கு ஒரு சாண் தூரத்தில் காட்டினால் மங்கலாகத்தான் வரும். ஆட்டத்தைச் சமன் செய்யும் வசதி மின்னணு முறையில் இயங்குவதால், வெளிச்சம் குறையும்போது ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்தனியே இழுபட்டு, படம் நிலையாக நின்றபடியே துடிப்பதுபோல் தெரியும். அந்தியில் அந்த வசதியைக் குறைத்துவிட்டு, கேமராவை அசையாத இடத்தில் மாட்டுவது மேல். அடிவானத்தைச் சாயாமல் பிடித்துவைக்கும் வசதி மட்டும் படகுக்கு அவசியம். இல்லாவிட்டால் வீடியோவைப் பார்க்கிறவருக்கே தலை சுற்றும். இன்னொன்று, ஆக்‌ஷன் கேமரா மிதக்காது. மிதக்கும் கைப்பிடி, அது போதாதென்று ஒரு கயிறு, இரண்டும் வேண்டும்.

எங்கே மாட்டுவது

கேமராவின் மாடலைவிட இது முக்கியம் என்பது என் கருத்து. மார்புப் பட்டையில் மாட்டினால் முன்கைகளும் ரீலும் நன்றாகத் தெரியும். ஆனால் ராடின் அடிப்பகுதியை வயிற்றில் ஊன்றி உடம்பைத் திருப்பும்போது, மீன் துள்ளும் திசையை விட்டுக் கேமரா விலகிவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. தண்ணீரில் விழுந்ததும் தானாக ஊதிக்கொள்ளும் வகை உயிர்காப்பு உடையின் மேல் மார்புப் பட்டையை இறுக்கிக் கட்டாதீர்கள். உடை விரிய இடமில்லாமல் போகும். விரிந்தால் நெஞ்சை நெரிக்கும். அந்த உடை போடுகிறவருக்கு மார்புப் பட்டை வேண்டவே வேண்டாம்.

தொப்பியில் மாட்டினால் கண் போகும் இடமெல்லாம் கேமரா போகும், பாறைக்கரையில் தனியாக நிற்கும்போது இதுதான் வசதி. தலையைக் குனிந்து ரீலைப் பார்த்தீர்களானால் வீடியோ முழுக்கப் பாறைதான்.

படகில் சிறந்த இடம், ராட் செருகும் குழாயிலோ பக்கக் கம்பியிலோ கிளாம்ப் போட்டு நிறுத்திய ஒரு குட்டைக் கோல். உட்கார்ந்திருப்பவரின் தலைக்கு ஓர் அடி மேலே, தோளுக்குப் பின்னால். ராட், லைன், தண்ணீர் மூன்றும் ஒரே சட்டத்தில் வரும். வீசும்போது ராட் பின்னோக்கிப் போகும் பாதையில் கோல் இல்லாதபடி முதலில் வெறும் ராடைச் சுழற்றிப் பாருங்கள். முள் போய்க் கோலில் மாட்டிக்கொள்வது சாதாரணமாக நடப்பது. என்ஜினுக்குப் பக்கத்தில் கிளாம்ப் போட்டால் அதிர்வில் படம் ஜெல்லிபோல நெளியும். கிளாம்ப்புக்கு அடியில் பழைய டயர் ட்யூப் துண்டு ஒன்றை வைத்து இறுக்குங்கள்.

காற்றிரைச்சலுக்குக் கேமராவை மாற்றித் தீர்வு காண முடியாது. மைக் துளையில் நேராகக் காற்று அடிக்கும்வரை எந்தக் கேமராவும் இரையும். கேமராவின் முதுகைக் காற்றுக்குக் காட்டுங்கள், மெனுவில் காற்றொலி குறைப்பை இயக்குங்கள். பேச்சு முக்கியமென்றால் காலருக்குள், ரோமத் தொப்பி போட்ட கம்பியில்லா மைக் வைக்கலாம். அது நனையக் கூடாது. தண்ணீரில் முக்கி எடுத்தபின் குரல் கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டால் பயப்பட வேண்டாம், மைக் துளையில் நீர் நிற்கிறது. நன்றாக உதறி ஒரு நிமிடம் விடுங்கள்.

மீன் கைக்கு வந்தபின்

இங்கேதான் காம்பாக்ட் வேண்டும். எடுத்துக்காட்டாக, 2023-இல் வந்த ஓஎம் சிஸ்டம் டிஜி-7: உறை இல்லாமல் 15 மீட்டர் ஆழம், 2.1 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்கும், 25 முதல் 100 மி.மீ.க்கு நிகரான ஜூம், லென்ஸிலிருந்து 1 செ.மீ. வரை நெருங்கி எடுக்கும் வசதி. செதில், கண், முள் மாட்டிய உதட்டோரம் எல்லாம் ஆக்‌ஷன் கேமராவால் முடியாதவை. சென்சார் 1/2.3 அங்குலம், 12 மெகாபிக்சல்தான். அந்தி வெளிச்சத்தில் புள்ளிகள் தெரியும். அந்தச் சமரசத்தைத் தெரிந்தே செய்யுங்கள்.

வெள்ளிச் செதில் மீன் நடுப்பகல் வெயிலில் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். படத்தின் வெளிச்ச அளவான எக்ஸ்போஷரை -0.7க்கு இறக்கி வையுங்கள். முகம் கண்டறியும் வசதி இயங்கினால் கேமரா பிடித்தவரின் முகத்துக்கு ஃபோகஸ் செய்து, முன்னால் நீட்டிய மீனைக் கோட்டைவிடும். அதை அணைத்துவிட்டு மீனின் கண்ணுக்கு ஃபோகஸ் வையுங்கள். மிக அகலமான கோணத்தில் எடுத்தால் மீன் பெரிதாகவும் அதைப் பிடித்த விரல்கள் வாழைக்காய் கணக்காகவும் தெரியும். பார்க்கிறவர்களுக்கு அந்தத் தந்திரம் நன்றாகவே தெரியும். ஓரடி பின்னால் போய் 50 மி.மீ. வரை ஜூம் செய்தால் மீனும் கையும் நம்பும்படி இருக்கும். வெயில் பின்னாலிருந்தால் ஃபிளாஷ் போடலாம், ஆனால் மீனைச் சற்றுச் சாய்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். நேராகப் பட்டால் செதில் கண்ணாடிபோல் எரியும்.

திரும்ப விடப்போகும் மீன் என்றால், கேமரா தயாராகும்வரை அது வலையோடு தண்ணீரிலேயே இருக்கட்டும். கையை நனைத்துக்கொண்டு தூக்குங்கள், 10 விநாடிக்குள் எடுத்து மறுபடி இறக்குங்கள். விடும் காட்சியைத் தண்ணீருக்கடியில் எடுக்க ஆக்‌ஷன் கேமராவே போதும். கலங்கிய நீரில் தூரம்தான் எதிரி, கேமராவுக்கும் மீனுக்கும் நடுவே ஓரடிக்குமேல் இடைவெளி விடாதீர்கள்.

போலரைசர் ஃபில்டர் ஒன்று வாங்கிவையுங்கள். டிஜி-7இல் அடாப்டர் வளையம் போட்டால் 40.5 மி.மீ. ஃபில்டர் பொருந்தும். நீர்ப்பரப்பின் பளபளப்பை வெட்டி அடியிலுள்ள மீனைக் காட்டும். நீர்ப்பரப்போடு சுமார் 37 பாகைச் சரிவில் பார்க்கும்போது அதன் வேலை உச்சத்தில் இருக்கும். நேர்மேலிருந்து குனிந்து பார்த்தால் ஒன்றும் நடக்காது. ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தை (ஒரு ஸ்டாப் என்றால் பாதியாகக் குறைவது) விழுங்கும் என்பதால் அந்தியில் கழற்றிவிடுங்கள். நீங்கள் போலரைஸ்டு கண்ணாடி போடுகிறவரானால், கேமராவை ஒரு பக்கம் திருப்பும்போது திரை கறுத்துப்போகலாம். கெட்டுப்போகவில்லை, கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பாருங்கள்.

மிரர்லெஸ் எப்போது

உங்களில் ஒருவர் ராடைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு மணி நேரம் படம் மட்டும் எடுக்கத் தயாரானால். கரையிலிருந்து 20 மீட்டர் தள்ளித் துள்ளும் மீனை 1/1000 அல்லது 1/2000 விநாடியில் உறையவைக்க 70-300 மி.மீ. போன்ற லென்ஸும் பெரிய சென்சாரும் வேண்டும். காம்பாக்ட் அங்கே தோற்கும். அப்போது சீல்டு உடலும் சீல்டு லென்ஸும் சேர்த்து வாங்குங்கள். ரப்பர் வளையமுள்ள கெட்டிப் பெட்டியில் எடுத்துப்போங்கள். படகில் லென்ஸ் மாற்றாதீர்கள், உப்புத் துவலை நேராகச் சென்சாரில் படியும்.

ஊர் திரும்பியதும்

தண்ணீர் புகாத கேமராவையும் உப்பு கொல்லும், கொஞ்சம் மெதுவாக. எல்லா மூடியும் பூட்டியபடி, நல்ல தண்ணீர் வாளியில் 10 முதல் 15 நிமிடம் ஊறவிடுங்கள். தண்ணீருக்குள்ளேயே எல்லாப் பொத்தான்களையும் பலமுறை அழுத்துங்கள், இடுக்கில் உள்ள உப்பு கரையும். வேகமான குழாய் நீரைப் பாய்ச்சாதீர்கள். ஆழக் கணக்கு அசையாத நீருக்கு. முழுதும் காய்ந்தபின், மூடி கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துத் திறந்து, டார்ச் அடித்து ரப்பர் வளையத்தைப் பாருங்கள். ஒரு மணல், ஒரு முடி, ஒரு துணிநூல் போதும் தண்ணீர் உள்ளே வர. ஹேர் டிரையர் வேண்டாம், ரப்பர் சுருங்கும். டிஜி வகைக் கேமராக்களின் ரப்பர் தடுப்புகளை ஆண்டுக்கொரு முறை மாற்றச் சொல்கிறார்கள், அதை ஒதுக்கிவிடாதீர்கள். கொசு விரட்டி பூசிய கையால் கேமராவைத் தொடுவதையும் தவிருங்கள். டீட் என்ற வேதிப்பொருள் கலந்தவை சில பிளாஸ்டிக்குகளை உருக்கும்.

படகில் பேட்டரி மாற்றும்போது முதலில் கேமராவைத் துடையுங்கள், பிறகு கையை, அதன்பிறகே மூடியைத் திறக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் விரலிலிருந்து ஒரு சொட்டு உள்ளே போகும்.

நீங்கள் கேட்காத ஒன்று

டிஜி-7இலும் பல ஆக்‌ஷன் கேமராக்களிலும் போன்களிலும் இருப்பிடம் படத்தோடு சேர்ந்து பதிவாகும் வசதி உண்டு. மூல கோப்பை யாருக்காவது அனுப்பினால் உங்கள் மீன் கிடைக்கும் இடமும் சேர்ந்து போகிறது. மெனுவில் அணைத்துவையுங்கள். ஒரு நண்பரின் முகம் வரும் வீடியோவைப் பொதுவில் போடும் முன் அவரைக் கேளுங்கள். தனியார் நீர்நிலை, காப்பகப் பகுதி என்றால் தூண்டிலுக்கு அனுமதி இருப்பதாலேயே படப்பிடிப்புக்கும் இருப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டையும் தனித்தனியே விசாரியுங்கள்.

கடைசியாக, வாங்கிய அன்றே இரண்டு கேமராவையும் மூடி பூட்டி, கார்டும் பேட்டரியும் இல்லாமல், உள்ளே சிறு டிஷ்யூ துண்டு வைத்து, வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் முக்கிவையுங்கள். எடுத்துத் துடைத்துக் காயவைத்தபின் திறந்து பாருங்கள். டிஷ்யூ ஈரமாக இருந்தாலோ, மறுநாள் லென்ஸின் உட்பக்கம் பனி படர்ந்தாலோ, திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் கடைக்குக் கொண்டுபோங்கள்.